பலகையைத் துடைத்த பிறகு

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் போனில் நீ சொன்னதற்கு வள்ளென்று விழுந்தேன் அல்லவா? "திருப்பித் திருப்பி நீயே சொல்லாதம்மா, புத்தகத்த மூட வச்சு அவங்கள சொல்லச் சொல்லு" என்றாய். நேற்று டீச்சரானவள், இருபத்தாறு வருஷமாக நர்ஸ் பயிற்சி வகுப்பு எடுக்கும் எனக்கே சொல்லித்தருகிறாளா என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தினமும் முந்தின நாள் பாடத்தை, மருந்தின் பெயர், அளவு, எச்சரிக்கை என்று மூன்று நிறச் சாக்பீஸில் பலகை நிறைய எழுதிவைப்பேன், எல்லாரும் பார்த்துத் தலையாட்டுவார்கள், எனக்கும் மனம் நிறைந்துவிடும். உன் வாயை அடைப்பதற்கென்றே மறுநாள் எல்லாரும் பார்த்துத் தலையாட்டி முடித்ததும் பலகையைத் துடைத்துவிட்டு, ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, இப்போது பார்த்ததை எழுதுங்கள் என்றேன். முப்பது தாளில் இருபத்திரண்டு காலி. என் முகத்தில் ஈயாடவில்லை.

அன்றிலிருந்து தினமும் மூன்று கேள்வி, ஒன்று நேற்றைய பாடத்தில், ஒன்று போன வாரத்தில், ஒன்று போன மாதத்தில். மார்க் கிடையாது. முதல் வாரம் என்னைக் கரித்துக்கொட்டினார்கள். சாயங்காலம் தையல் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஒருத்தி இருக்கிறாள், தையலக்கா என்று கூப்பிடுவார்கள். மருந்தளவுத் தேர்வில் இரண்டு முறை தோற்றவள், மூன்றாவதும் போனால் பயிற்சியை விட்டே போக வேண்டும். "எனக்கு மறதி வியாதி டீச்சர்" என்று அழுவாள். அந்த முதல் நாள் அவள் தாளும் காலியாகத்தான் இருந்தது. ஒரு மாதம் போனதும், மெஷினை மிதிக்கும்போதே பழைய கேள்வியெல்லாம் தானாக வந்து நிற்கிறது என்றாள். நேற்று முடிவு வந்தது, பாஸ், அதுவும் வகுப்பில் நாலாவது! ஓடிவந்து கட்டிக்கொண்டதில் என் கண்ணாடி விழுந்து உடைந்தது, போகட்டும்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் உன் நினைவுதான். எட்டாம் வகுப்பில் நீ கணக்கில் தோற்ற அன்று, உறவுக்காரர்கள் முன்னால், "இவ மண்டைல எதுவும் நிக்காது" என்று சொன்னேன். தினமும் எல்லாக் கணக்கையும் நானே போட்டுக்காட்டினேன், ஒன்றைக்கூட உன்னைத் தனியாகப் போடவிட்டதில்லை. அந்தச் சொல்லை நீ மறந்திருக்க மாட்டாய். தப்பு என்னுடையதுதான் கண்ணு.

எங்கே இருந்தாலும் குறைவில்லாமல் இரு, உன்னிடம் படிக்கும் பிள்ளைகளும் நன்றாக வரட்டும். குளிரில் வெளியே போனால் காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடு, எடுத்தவுடன் அப்பாவைக் கேட்காதே. மன்னித்துவிடு என்று உன்னிடம் என் வாயால் சொல்ல வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா