மஜீட் வைக்காத கையெழுத்து

மார்ச் 6, 2025, வியாழன்

நோன்பு மாதம். வழக்கம்போல மாலையில் ரயில் பாதையைக் கடந்து, வெள்ளவத்தைக் கடற்கரைக் கருங்கற்களில் மூவரும் உட்கார்ந்தோம். நாகேந்திரம் இரசாயனம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், கடவுள் இல்லை என்பவர். மஜீட் புடைவைக்கடையை மகன்மாரிடம் விட்டவர், ஐவேளையும் தொழுபவர். நான் நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் வரைந்தவன், சைவன், இருவர் சொல்வதற்கும் தலையாட்டுபவன்.

நாகேந்திரம் தேநீர்ப் பிளாஸ்க் கொண்டுவரவில்லை.

"எங்க பிளாஸ்க்?" என்றார் மஜீட்.

"தேத்தண்ணி குடிக்க வேண்டாமெண்டு டொக்டர் சொன்னவர்."

"எந்த டொக்டர் அது, பெருநாள் வரைக்கும் மட்டும் வாணாம் எண்டு சொல்லிய?"

பிறகு, வானத்தைப் படைத்தது யார் என்று இருவரும் இருட்டும்வரை சண்டை பிடித்தார்கள். ஒருவரும் ஓர் அங்குலம் நகரவில்லை. எந்தப் பக்கமும் நில்லாத எனக்கு இவர்களோடு இருக்க என்ன தகுதி?

மார்ச் 11, செவ்வாய்

நாகேந்திரம் இன்று ஒரு படிவத்தோடு வந்தார். "ஐசே சிவபாதம், செத்தால் என்ர உடம்பை மருத்துவ பீடத்துக்குக் குடுக்கப் போறன். ஐயரும் வேண்டாம், அந்தியேட்டிச் சடங்கும் வேண்டாம். சாட்சிக்கு நீங்கள் ரெண்டு பேரும் கையெழுத்து வையுங்கோ."

மஜீட் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "நான் வைக்க மாட்டன். உடம்பு எங்கட இல்ல, அல்லாஹ் தந்த அமானத்து. பத்திரமாத் திருப்பிக் குடுக்கோணும். வெட்டக் குடுக்க நான் சாட்சி நிண்டா, நாளைக்கு மறுமையில நான் பதில் சொல்லோணும்."

கோபம் வரும் என்று பயந்தேன். "சரி, உமக்குச் சரியெண்டு பட்டதைச் செய்யும்," என்றுவிட்டு நாகேந்திரம் என்னைப் பார்த்தார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

மார்ச் 12

யோசித்தேன். முடிவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கையெழுத்து வைத்துவிட்டேன். அவருடைய விருப்பத்தை மதித்தா, மறுக்கத் துணிவில்லாமலா? தெரியவில்லை. மஜீட்டின் மறுப்பு என் சம்மதத்தைவிட நேர்மையானது என்று மட்டும் தெரிகிறது.

ஏப்ரல் 1

பெருநாளுக்கு மஜீட் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. நாகேந்திரம் தன் பங்கையும் முடித்து என் பங்கிலும் கை வைத்தார். டொக்டர் இனிப்புக்கு ஒன்றும் சொல்லவில்லையாம்.

மே 20, செவ்வாய்

காலையில் நாகேந்திரம் போய்விட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே. நான் வைத்த கையெழுத்து —

மே 21, புதன்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

உடல் ஆஸ்பத்திரிப் பிரேத அறையில் இருந்தது. படிவம் இருந்தாலும் உறவினர் சம்மதம் இல்லாமல் மருத்துவ பீடம் உடலை எடுக்காது. உறவு என்று இங்கே இருப்பது தங்கை நாகேஸ்வரி மட்டும்தான். மணம் முடிக்காமல் அண்ணனோடு அந்த வீட்டிலேயே இருந்தவர். நானும் மஜீட்டும் வீட்டுக்குப் போனபோது ஐயருக்குச் சொல்லியாகிவிட்டது. ரொறன்ரோவில் இருக்கும் அவர்களுடைய சின்னம்மாவின் மகன் தொலைபேசியில் ஒவ்வொன்றாகக் கட்டளையிட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கென்ன சிவபாதம் அண்ணை, கையெழுத்தை வைச்சிட்டுப் போயிட்டீங்கள்," என்றார் நாகேஸ்வரி. "நாளைக்குச் சனம் என்னையெல்லோ கேக்கும்? கூடப் பிறந்தவனை அநாதைப் பிணமாக் குடுத்தவள் எண்டு."

நான் வாய் திறக்கவில்லை. சாட்சி என்றால் பேசுகிறவன்தானே? மஜீட் எப்படியும் நாகேஸ்வரியின் பக்கம்தான் நிற்பார், பிரச்சினை தானாகவே முடியும் என்றுகூட — ஓம், அப்படித்தான் நினைத்தேன்.

மஜீட் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "தங்கச்சி, லுத்பியா மவுத்தானது ஞாபகம் ஈக்கா?"

யாருக்கு மறக்கும்? கொரோனாக் காலம். அந்த நோயில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று அரசாங்கம் கட்டளை போட்டிருந்தது. மஜீட்டின் மனைவியையும் எரித்தார்கள்.

"மண்ணுல வைக்க விடுங்க எண்டு நான் கெஞ்சாத ஆளில்ல. சாம்பலை எடுக்கச் சொன்னாங்க. நான் போகல்ல. அந்த நேரம் உங்கட அண்ணன் பொரளைக் கனத்தை மயானத்துக்குப் போய், எரிக்கிறதுக்கு எதிர்ப்பா வேலியில வெள்ளைத் துணி கட்டினார். ஆரோ கழட்டி எறிஞ்சாங்க. அடுத்த நாளும் போய்க் கட்டினார்."

"எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே," என்றார் நாகேஸ்வரி. எனக்கும் சொன்னதில்லை.

"நான் கேட்ட, மண்ணும் நெருப்பும் உங்களுக்கு ஒண்டுதானே, பின்ன எதுக்கு இந்த வேலை எண்டு. 'எனக்கு ஒண்டுதான். லுத்பியாவுக்கு ஒண்டில்லையே' எண்டார்."

ரொறன்ரோக்காரரின் குரல் மட்டும் தொலைபேசியில் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தது. நாகேஸ்வரி அதை அணைத்தார்.

"அவர் செய்யிறது பிழை எண்டுதான் நான் இப்பவும் சொல்லிய," என்றார் மஜீட். "அத அவரும் அல்லாஹ்வும் பேசிக்கொள்ளட்டும். நாங்க நடுவுல நிக்க வாணாம், தங்கச்சி. எனக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவுல வந்து நிண்டவங்கள நான் இன்னும் மன்னிக்கல்ல."

நாகேஸ்வரி அழுதார். "அப்ப நான்? எனக்கு ஒரு தேவாரம் படிக்கவும் உரிமை இல்லையோ?"

"படிங்க. தனக்குக் கேக்காது எண்டு அவரே சொல்லிட்டார். கேக்கிறவனுக்குப் படிங்க."

அழுகைக்கிடையில் நாகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கும் குரல் வந்தது. "நானும் வந்து சேர்ந்து படிக்கிறன், தங்கச்சி. ஆனால் நாகேந்திரம் தெளிந்த புத்தியோடதான் கேட்டவர். நான் பக்கத்தில இருந்தனான்." நேற்று நான் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான்.

நாகேஸ்வரி சம்மதித்தார். ஐயருக்கு நானே தொலைபேசி எடுத்து வரவேண்டாம் என்று சொன்னேன்.

இன்று மருத்துவ பீடத்தில் உடலை ஒப்படைத்தோம். முற்றத்தில் நாகேஸ்வரியும் நானும் தேவாரம் படித்தோம். என் குரல் இரண்டு இடத்தில் பிசகியது. மஜீட் சற்றுத் தள்ளி, தலையில் தொப்பியோடு, முடியும்வரை அசையாமல் நின்றார்.

மே 23, வெள்ளி

சுதந்திரமான சமூகம் பற்றி எவ்வளவோ புத்தகங்கள் வாசித்திருக்கிறேன். வாசித்து வாசித்து மனிதர்கள் ஒருநாள் ஒரே கருத்துக்கு வந்து சேர்வார்கள், அன்றைக்குச் சண்டை ஓயும் என்று நம்பியிருந்தேன். மஜீட் கருத்தை மாற்றவில்லையே. கையெழுத்து இன்று கேட்டாலும் வைக்கமாட்டார். இப்படி ஒரு மனிதர் இந்த நாட்டில், இந்த வீதியில், நான்கு வீடு தள்ளி இருக்கிறார். நம்பிக்கை வைக்க இது போதுமா? எனக்கு அரசியல் தெரியாது. நேற்றைவிடக் கொஞ்சம் நம்புகிறேன்.

ஜூன் 19, வியாழன்

முப்பத்தோராம் நாள். அந்தியேட்டி இல்லை. ஆனாலும் நாகேஸ்வரி மரக்கறிச் சமையல் செய்து எங்களைக் கூப்பிட்டார். ரொறன்ரோவிலிருந்து இன்னும் ஏச்சுத்தானாம். "அது அண்ணாட விருப்பம், விளங்காட்டி விடுங்கோ எண்டு சொல்லிட்டன்," என்றார்.

பாயாசம் வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார். "எனக்கு எல்லாம் முறைப்படி நடக்கவேணும். ஐயர், பறை, அந்தியேட்டி, ஒண்டும் குறையக்கூடாது. எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. நீங்கள் ரெண்டு பேரும்தான் பொறுப்பு."

நான் சரி என்று சொல்வதற்குள் மஜீட் கேட்டார்: "நெருப்பு வைக்க எனக்கு ஏலாது, தங்கச்சி. அதுக்கு ஆள் பிடிச்சித் தருவன். மத்ததெல்லாம் விளக்கமாச் சொல்லுங்க. வாய்க்கரிசிக்கு என்ன அரிசி? பச்சையா, புழுங்கலா?"

நாகேஸ்வரி என்னைப் பார்த்தார். நான் நாகேஸ்வரியைப் பார்த்தேன். இத்தனை மரணவீடு போயும் நான் அதைக் கவனித்ததில்லை.

"அப்ப ரெண்டிலயும் எடுத்து வைப்பம்," என்றார் மஜீட்.

நாளைக்குக் கோயிலில் கேட்டு அவருக்குச் சொல்லவேண்டும்.