உடையப்பன் காலி செய்த நாற்காலி

மார்ச் 4, செவ்வாய்

சிங்கப்பூரிலிருந்து, வேலைக்கு ஆள் தேடும் ஓர் ஏஜென்ட் எழுதியிருக்கிறார். பங்குகளைத் தானாகவே வாங்கி விற்கும் புரோகிராம் எழுதுகிற கம்பெனி. கண் சிமிட்டுவதற்குள் ஆயிரம் தடவை வாங்கி விற்குமாம். சம்பளம் மூன்று மடங்கு. இங்கே மலேசியாவில், புக்கிட் பெருந்துங் அட்டைப்பெட்டி ஃபேக்டரியில் ஏழு வருடமாக நான் எழுதுவதும் வேகமான புரோகிராம்தான் — வெட்டும் மெஷினுக்குள் கை போனால் அந்தக் கணமே நிறுத்துவது. அதனால்தான் தேடியிருக்கிறார்கள்.

அப்ளை செய்துவிட்டு, கணவர் கேலபிடம் சொன்னேன். "உன் இஷ்டம் லா, நட்டாலி" என்றார். சாப்பிடப் போய்விட்டார்.

மார்ச் 13, வியாழன்

இன்டர்வியூ, இரண்டு மணி நேரம். மூன்று பதில் தப்பு. இருந்தும் அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏழு வருடத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு கஷ்டமான கேள்வி கேட்டதில்லை. பிடித்திருந்தது.

மார்ச் 30, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து காரில் வரும்போது கேலப் பேசினார். "கிளினிக் லேப்ல பதினோரு வருஷம் ஆச்சு. சிங்கப்பூர்ல நான் என்ன பண்றது?"

"என் இஷ்டம்னீங்களே?"

"வேற என்ன சொல்றது? நீதான் அப்ளை பண்ணிட்டு வந்து சொன்னே."

ஏப்ரல் 9, புதன்

வேலை கிடைத்துவிட்டது. ஒரு நிபந்தனை: விட்டுப் போனால் ஒரு வருடம் இதே தொழிலில் வேறெங்கும் சேரக் கூடாது.

ஏப்ரல் 11, வெள்ளி

கடைசிச் சுற்றில் என்னைக் கேள்வி கேட்ட உடையப்பனுக்குப் போன் செய்தேன். இந்த இடம் ஏன் காலியானது?

"என் இடம்தாங்க அது. அடுத்த மாசம் போறேன்."

ஏன்?

"ஆறு வருஷமா ஒரே புரோகிராமை வேகமாக்கினேன். முதல் ரெண்டு வருஷம் ரொம்ப நல்லா இருக்கும், வீட்டு நெனப்பே வராது. அப்புறம் இன்னும் கொஞ்சம் வேகம், இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்."

ஒளிக்காமல் சொன்னார். வீட்டு நினைப்பே இல்லாத அந்த இரண்டு வருடம் போதும் என்று உடனே தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் பயமாக இருக்கிறது — என்ன பொம்பளை நான்?

ஏப்ரல் 12, சனி

கையெழுத்துப் போட்டேன்.

மே 20, செவ்வாய்

ஃபேக்டரியில் மூன்றாம் வெட்டும் மெஷின், கை போனால் சற்றுத் தாமதமாக நின்றது. "ஓடுதுல்ல, விடு" என்றார் மேனேஜர். விடவில்லை, நான்கு நாள் உட்கார்ந்து சரிசெய்தேன். அந்த மெஷினில் வேலை செய்யும் இராஜம்மா, கையுறைக்குள் அட்டையைச் சுருட்டித் திணித்து உள்ளே நீட்டினார். பன்னிரண்டு தடவை. ஒரு தடவையும் கத்தி படவில்லை.

"இப்ப போம்மா" என்றார்.

ஜூன் 16, திங்கள்

சிங்கப்பூர். முதல் நாள். நாற்காலி உயரமாக இருந்தது, இறக்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

வேலை பிடித்திருக்கிறது. அதை மறைப்பதற்கில்லை.

கேலப் நேற்று ஊரிலிருந்து பஸ்ஸில் வந்தார். இங்கே ஒரு கிளினிக்குக்கு எழுதிப் போட்டிருக்கிறாராம், திங்கட்கிழமை இன்டர்வியூ. என்னிடம் சொல்லவே இல்லை. "நீ நிறைய இன்டர்வியூ பார்த்தவ. நாலு கேள்வி கேளு, பழகிக்கிறேன்" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எல்லோரும் முதலில் கேட்பதைக் கேட்டேன். "இப்ப இருக்கிற வேலையை ஏன் விடறீங்க?"

"வேற கேள்வி கேளு" என்றார்.