நல்ல சாவுக் குடும்பம்

என் சிரிப்புக்கார நைனாவுக்கு,

போன இடத்தில் சௌக்கியமா? இங்கே உன் பெயர் கெட்டுவிட்டது. கெடுத்தது அம்மாதான், அதுவும் திருப்பதி ஆஸ்பத்திரியில்.

உன் கடைக்குட்டி குமார், நகரி ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க ஓடி, பிளாட்பாரத்திலேயே மயங்கி விழுந்தான். எழுந்ததும், "ஒண்ணுமில்லக்கா, கேஸு" என்று சோடா கேட்டான். வாங்கிக் கொடுத்து, அப்படியே திருப்பதிக்கு இழுத்துப் போனேன்.

வீட்டில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று டாக்டரம்மா தெலுங்கில் கேட்டார். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதெல்லாம் லேது மேடம். அன்னீ மஞ்சி சாவுலே!" எல்லாமே நல்ல சாவாம்.

டாக்டரம்மா தமிழுக்கு மாறினார். "நல்ல சாவுன்னா?"

"மாமனாரு சோத்துல கை வச்சாரு, போய்ட்டாரு. எங்க வூட்டுக்காரரு பவர்லூம நிறுத்திட்டுத் திரும்புனாரு, போய்ட்டாரு. கொழுந்தனாரு சிரிச்சிக்கினே போனாரு. ஒருத்தரும் படுத்துக் கெடக்கல!"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஸ்கேனில் தெரிந்தது. குமாருக்கு இதயத் தசை தடித்திருக்கிறது, பரம்பரையாக வருவது. துடிப்பு தாறுமாறானால் அந்த நொடியே ஆள் போய்விடும். இடது தோளுக்குக் கீழே, நெஞ்சில் சின்னப் பெட்டி ஒன்று வைத்தால், அது ஒரு ஷாக் கொடுத்து இழுத்துப் பிடிக்குமாம். எனக்கும் லேசாகத் தடித்திருக்கிறது. மாத்திரையும் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேனும்.

குமார் முரண்டு பிடித்தான். "எதுக்குக்கா பொட்டி? நைனா மாரி பட்டுனு போய்ட்டா போதும்."

வார்டு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். "நைனாவுக்கு மீன் கொழம்பு வச்சிட்டுக் காத்துக்கினு இருந்தேன்டா அன்னிக்கி! ஊரே நல்ல சாவுன்னுச்சி. யாருக்குடா நல்லது?"

அம்மா டாக்டரம்மா பக்கம் திரும்பிக் கேட்டாள்: "கரெண்டு போனா அந்தப் பொட்டி வேல செய்யுமா மேடம்?"

வைத்தாகிவிட்டது நைனா. இப்போது குமார் ரயிலுக்கு ஓடுவதில்லை. அடுத்த ரயிலில் போகிறான். அம்மாதான் பெட்டிக்குக் காவல். யாரையும் அவன் இடப்பக்கம் உட்கார விடுவதில்லை. வீட்டில் யார் எப்படிப் போனார்கள் என்று உன்னிடமும் ஒரு டாக்டர் கேட்டிருந்தால்?

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நானும் தம்பியும் கெட்ட சாவுதான் சாவோம். பல் கொட்டி, படுக்கையில் கிடந்து, காபி ஆறிப்போனதற்கு மருமகள்களைத் திட்டி, எல்லோரிடமும் ரெண்டு தடவை சொல்லிக்கொண்டுதான் வருவோம். ஒரு தடவை எங்களுக்காக. இன்னொன்று, நீ சொல்லாமல் போனதற்காக.

இன்னும் கோபம் தீராத உன் மூத்த மகள்,
வள்ளி