ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு

7.7.94, வியாழன்

தேவமணி அக்கா எழுதச் சொன்னதுக்காக எழுதுகிறேன். வேறு ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை தோறும் ஆஸ்பத்திரியில் ஒரு அறையில் உட்கார்ந்து, என்னை மாதிரி கரு கலைந்தவர்களிடம் பேசுவது அக்காவின் வேலை. நான் வாயே திறக்கவில்லை. "பேசப் பிடிக்கலைன்னா யார் மேல கோவமோ அவங்களை நோட்டுல ஏசு. நான் வாங்கிப் பார்க்க மாட்டேன்" என்றார்கள்.

சரி, ஏசுகிறேன். முதலில் மாமி, என் மாமியார். "அழாத டார்லின், கர்த்தர் அடுத்ததத் தருவாரு." அடுத்ததா? நான் என்ன பஸ்ஸுக்கா நிற்கிறேன்? நாலு மாசம் என் வயித்துல இருந்த பிள்ளை அது!

10.7.94, ஞாயிறு

இன்றைக்கும் சர்ச் ஆராதனையில் எங்கள் போதகர் ஐயர் வாசித்தார். "கர்ப்பத்தின் கனியை இழந்த சகோதரி டார்லினுக்காக ஜெபிப்போம்." மூன்றாவது வாரம்! பெண்கள் பக்கம் மொத்தமும் திரும்பி என் வயிற்றைப் பார்க்கிறது. யாராவது ஜெபம் கேட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் வாசிப்பார். யார் கொடுப்பார்கள்? வேறு யார்?

அடுப்படியில் வைத்தே கேட்டேன். "என் மானத்த வாங்காம உங்களுக்குத் தூக்கம் வராதா மாமி?" மீனைக் கழுவிக்கிட்டே நின்னாவ. கல்லு!

13.7.94

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் போகிறார், வருகிறார், பரீட்சைத் தாள் திருத்துகிறார். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. "சாப்பிட்டியா?" அது மட்டும்தான் கேட்கத் தெரியும்.

14.7.94, வியாழன்

தேவமணி அக்காவிடம் கத்திவிட்டேன். "நீங்களும் ஜெபம் பண்ண ஆரம்பிச்சிராதீங்க." "பண்ணலை. தண்ணி குடி" என்றார்கள். கொஞ்சம் பிடித்திருந்தது. கொஞ்சம்தான்.

17.7.94, ஞாயிறு

மறுபடியும்.

18.7.94, திங்கள்

கோயிலில் சீட்டு வாங்குகிறவர் ஐயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஹெப்ரான். அவர் வீட்டுக்கே போய்விட்டேன். "எங்க மாமி சீட்டு தந்தா இனி வாங்காதீங்க." மனுஷன் முழிக்கிறார். "மாமியா? உங்க வீட்டுக்காரருலா சனிக்கிழம தோறும் சைக்கிள்ல வந்து தாராரு. இந்தா, பாரும்மா."

என் வீட்டுக்காரர் கையெழுத்து. 'எங்கள் பிள்ளை' என்று எழுதியிருந்தார். ஐயர்தான் அதைக் கர்ப்பத்தின் கனியாக்கி வாசித்திருக்கிறார்.

வீட்ல வாயத் தொறக்காத பாவி மனுஷன், ஊருக்கு முன்னால என்னை இழுத்து விட்டிருக்காரே! மாமிக்குத் தெரியுமா? தெரியும். மகனைக் காட்டிக்கொடுக்காம எங்கிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டு நின்னிருக்காவ. இனி எந்த முகத்த வச்சிக்கிட்டு அடுப்படிக்குள்ள போவேன்?

21.7.94, வியாழன்

எல்லாவற்றையும் கொட்டினேன். "பிள்ளை போச்சேன்னு அவர்ட்ட யாராவது விசாரிச்சாங்களா?" என்று கேட்டார்கள் அக்கா. என்ன கேள்வி இது! வயிறு அவருடையதா? எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். ஒருத்தரும் விசாரிக்கவில்லை. நானும்தான்.

23.7.94, சனி

இவர் கிளம்புவதற்கு முந்தியே உபதேசியாரிடம் என் சீட்டைக் கொடுத்துவிட்டேன். "இந்த வாரம் இது மட்டும். எழுதினபடியே வாசிக்கச் சொல்லுங்க." ஊர் திரும்பிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று இவருக்கும் தெரியட்டும்.

24.7.94, ஞாயிறு

"தன் பிள்ளையை இழந்த சகோதரன் பாக்கியசீலனுக்காக ஜெபிப்போம்."

ஆண்கள் பக்கம் எல்லாத் தலையும் இவரைப் பார்த்துத் திரும்பியது. நல்லா வேணும் என்றுதான் முதலில் நினைத்தேன். இவர் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தமாக. பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். ஒருத்தர் கூடத் தொடவில்லை.

மாமி என் விலாவில் இடிச்சாவ. "போ."

எழுந்து நடுப்பாதையைத் தாண்டினேன். எங்கள் கோயிலில் பெண்கள் யாரும் அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஐயர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நம்ம பிள்ள, டார்லின்" என்றார். ஒரு மாசம் கழித்து, எங்கிட்ட.

கோபம் இன்னும் போகவில்லை. ஆராதனை முடியுமட்டும் அங்கனயே இருந்தேன்.