ஊமைப்படத்துப் போலீஸுக்கு நீங்கள் கொடுத்த குரல்

கள்ளக்குறிச்சிக்குப் போகும் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் கைப்பேசியில் ஏதோ பழைய ஊமைப்படம் பார்த்துக்கொண்டிருந்தாள். உருண்டோடும் தொப்பியைத் துரத்திப் போன போலீஸ்காரர் சேற்றில் குப்புற விழுந்தார். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கு உங்கள் முகம்தான் ஞாபகம் வந்ததுங்க.

அப்போது கல்வராயன் மலை ஸ்டேஷனில் நீங்கள் கான்ஸ்டபிள். காலையில் சாராய ஊறலை உடைத்துவிட்டு வருவீர்கள். ராத்திரி சோறு இறங்காது. "யாரப் புடிச்சாலும் தெரிஞ்ச மூஞ்சியா கீதுடி. வேலைய வுட்டுட்டு எலவனாசூர்கோட்டைல குத்தகைக்கு நெலம் புடிக்கலாம்" என்பீர்கள். உங்கள் தம்பிகள் படித்தது அந்தச் சம்பளத்தில்தான். இருந்தும், இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிடுவது என்று ஒருவழியாக முடிவெடுத்தீர்கள்.

அப்போது பார்த்து அரசாங்கப் படவண்டி மலையேறி வந்தது. பட்டப்பகலில் பள்ளிக்கூட சன்னல்களில் கம்பளியைக் கட்டி, கதவைச் சாத்தி, ஓர் அப்பாவிப் போலீஸ்காரரின் ஊமைப்படத்தை ஓட்டினார்கள். உள்ளே ஒரே புழுக்கம். "இன்னா பேசறான்னு யாராச்சும் சொல்லுங்களேன்" என்று சனங்கள் கத்தினார்கள். நீங்கள் போய்த் திரையோரம் நின்றீர்கள்.

"திருடன் ஓடிக்கினு கீறான், நானும் ஓடிக்கினு கீறேன். ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது. அவனாச்சும் வூடு போய்ச் சேருவான். நான் எங்கங்கய்யா போறது? இந்தச் சட்டைய யாராச்சும் கழட்டி வுடுங்களேன்!"

கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். 'எங்கங்கய்யா போறது' என்ற இடத்தில் வந்தது, ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் நான் கேட்கும் உங்கள் குரல். என் சிரிப்பு நின்றுபோயிற்று.

மறுநாள் இன்ஸ்பெக்டர் முன்னால் விறைப்பாக நின்று, "வேலைய வுட்டுடறேங்கய்யா" என்றீர்களாம். "யோவ், படம் முடிஞ்சும் நீ நிறுத்தலியா? இன்னொரு வாட்டி சொல்லு, ரைட்டரும் கேக்கட்டும்" என்றாராம் அவர். சொன்னீர்கள். இருவரும் சிரித்தார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வரலாமே என்று நான் சண்டை போட்டேன். "எழுதிக் குடுத்தாலும் சிரிப்பாங்கடி" என்று பெல்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

பிறகு எந்த அதிகாரி வந்தாலும் உங்களுக்குத்தான் அழைப்பு. எந்த ஊருக்கு மாற்றினாலும் உங்களுக்கு முன்னால் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. மனசில் இருந்ததைச் சொன்ன பாவத்துக்கு, ரிட்டையர் ஆகும் வரை அதையே நடித்துக் காட்ட வைத்தார்கள்.

படுத்த படுக்கையாகக் கிடந்தபோதுதான் ஒருநாள் கஞ்சியைத் தள்ளிவிட்டுச் சொன்னீர்கள்: "அன்னிக்கி எல்லாரும் சிரிச்சாங்க. நீ மட்டும் பாதில நிறுத்திட்ட. நான் பாத்தேன்."

பாவி மனுஷா, இதைச் சொல்ல இத்தனை வருஷமா? அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அழுதிருப்போம். உங்கள் பங்கையும் இப்போது நான்தான் அழுகிறேன்.