வெட்டிய நாற்பது நொடிகள்

எல்ம்கிரீக், இலினாய்
அக்டோபர் 16, 1932

அன்புள்ள லெனோராவுக்கு,

அப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது. பள்ளியில் இந்த வருடம் என்னிடம் லத்தீன் படிக்கப் பதினோரு பேர்தான்.

உன் படம் நம் ஊருக்கு வந்துவிட்டது. "ஒரே ஒரு காட்சியில்தான் பேசுகிறேன், அதையாவது அப்பா கேட்கட்டும்" என்று எழுதியிருந்தாய். நகரத் தணிக்கைக் குழுவில் நானும் இருக்கிறேன் என்பதை உனக்கு எழுதாமலே விட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை காலி அரங்கில் நாங்கள் மூவரும் பார்த்தோம். ஒளிக்கற்றையில் தூசி பனிபோல் இறங்கிக்கொண்டிருந்தது. நீ வந்தாய், ஒரு வீட்டின் உயரத்துக்கு முகம். நீ வீட்டைவிட்டுப் போய் ஒன்பது வருடம் கழித்து. தூக்கத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது.

"நான் போறேன். எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல" என்று கணவனிடம் சொல்லிக் கதவைச் சாத்துகிறாயே, அதுதான் போதகரின் மனைவி திருமதி ஹால்வர்சனுக்குப் பொறுக்கவில்லை. "போறவ போகட்டும், ரெண்டு சொட்டுக் கண்ணீராவது விடக் கூடாதா?" என்றார். மருந்துக்கடை எமில், "நம்ம ஊர்லேருந்து எவம்மா போவா? பஸ்ஸே வாரத்துக்கு ரெண்டுதான்" என்று சிரித்து, இருக்கட்டும் என்றார். என் வாக்குத்தான் மிச்சம். படத்தில் உன் பெயர் வேறு. அவர்கள் இருவரும் நீ போன பிறகு ஊருக்கு வந்தவர்கள்; நீ என் தங்கை என்று அவர்களுக்குத் தெரியாது. உனக்காகப் பேசினால் தெரிந்துவிடுமோ என்று பயந்து, அந்த நாற்பது நொடியையும் வெட்டச் சொன்னேன்.

வெட்டிய சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குட்டிக் குட்டியாக நீ, வரிசையாக, எல்லாரும் வாய் திறந்தபடி.

நேற்று மதியக் காட்சிக்கு அப்பா வந்தார். திரையில் நீ சமையலறையில் நிற்கிறாய், மறுகணம் கோட்டுடன் தெருவில் நடக்கிறாய். "இவ பேசவே இல்லியே" என்றார். வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொன்னேன். வெட்டியதைத் திரும்ப ஒட்டித்தான் அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் சொன்னேன். அப்பா தொப்பியைக்கூடக் கழற்றாமல், "அடுத்த ஊர் எது?" என்று கேட்டார்.

ஹார்லன். அங்கே குழு எதுவும் இல்லை. எமிலிடம் கார் கேட்டேன். எதற்கு என்றார். படத்தில் கதவைச் சாத்துகிறவள் என் தங்கை என்றேன். "அப்புறம் எதுக்கு டீச்சர் அன்னிக்கு வெட்டச் சொன்னீங்க?" என்றார். நான் சாவியை வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஹார்லன் அரங்கில், உனக்கு வருத்தமில்லை என்று நீயே சொல்வதை அப்பா கேட்பார். அதற்குள் அவருக்கு வேறு ஏதாவது ஒரு வரி எழுத முடியுமா? தந்தியானாலும் போதும். அவர் பெயருக்கே அனுப்பு. எனக்கு, உனக்குத் தோன்றும்போது எழுது.

கடவுளிடம் எனக்கு அதிகப் பழக்கமில்லை. ஆனாலும் உன்னைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறேன்.

உன் அக்கா,
ஹெஸ்டர்