மயில் யன்னல்

ஓகஸ்ட் 12, செவ்வாய்

முரசுமோட்டையில் ஒரு வயதான அம்மாவின் வீட்டுக்கு இன்று வர்ணக் கண்ணாடி யன்னல் பூட்டினோம். ஓர்டர் தந்தது கனடாவில் இருக்கும் மகள். சண்டையின் கடைசியில் மகன் காணாமற்போனதிலிருந்து, தாய் அந்த யன்னலடியில் கதிரையைப் போட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். வெளியே தெரியாத கண்ணாடி போட்டால் மனம் ஆறும் என்பது மகளின் எண்ணம். எனக்கும் அது சரியென்றே பட்டது. வியாபாரமும் நல்லது.

மயிலும் தாமரையுமாக வேலை திறமாக வந்தது.

"வடிவாத்தான் கிடக்கு தம்பி, சேர்ச் மாதிரி. இனி மெழுகுதிரி கொளுத்தட்டோ?" என்று அம்மா சிரித்தார். பிறகு மயிலின் கழுத்தில் நெற்றியை முட்டக் கொடுத்துப் பார்த்தார்.

"பஸ்ஸாலை ஆர் இறங்கினாலும் தெரியாது, என்ன?"

"தெரியாதம்மா. வெளிச்சம் மட்டும் வரும்."

அவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டோரப் படலையடியில், கொதிக்கிற வெயிலில் போட்டு இருந்தார். நாங்கள் சாமான்களை ஏற்றி வெளிக்கிடும்வரை எழும்பவேயில்லை.

சற்று முன் மகள் போன் எடுத்தாள். "அண்ணை, அம்மா இப்ப ரோட்டைப் பார்க்கிறேல்லைத்தானே?"

"யன்னலாலை பார்க்கிறேல்லை, தங்கச்சி."

அந்தப் பிள்ளை நிம்மதியில் அழுதது. நேற்றுவரை தாய் நிழலிலாவது இருந்தார்.